இரண்டு வயது முடிந்த மறுநாள்

கேள்வி: ஐயா, நானும் கணவரும் மகளை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்பினோம். போக வர ஒரே டிக்கெட். மகளைக் கைக்குழந்தையாகப் போட்டு, ஒரு வழிக்கு 1,750 ரூபாய் கட்டினோம். போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும்போது கவுன்டரில் வயதுச் சான்று கேட்டார்கள். தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். "நேற்றே இரண்டு வயது முடிந்துவிட்டது, தனி சீட் வாங்க வேண்டும்" என்றார்கள். 9,400 ரூபாய் கொடுத்தோம். அந்த சீட்டும் எங்களுக்கு ஏழு வரிசை பின்னால். விமானத்தில் ஏறும் இடத்தில் வாங்கிக்கொண்ட குழந்தை வண்டி, சென்னையில் முன்சக்கரம் வளைந்து வந்தது. கேட்டால், "கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தீர்கள்" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? வழக்குப் போடலாமா?

– வாசகி, திருவாரூர்

பதில்: அன்புச் சகோதரி, பயணத்துக்கு மறுநாளே எழுதிவிட்டீர்கள், நல்லதாயிற்று. குழந்தை வண்டிக்குக் கெடு குறைவு என்பதால் அதற்கான பதிலை அன்றே மின்னஞ்சலில் அனுப்பினேன். குழந்தையோடு பறக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

டிக்கெட் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கவுன்டரில் சொன்னது சரி. கைக்குழந்தைக் கட்டணம் இரண்டு வயது முடியும்வரைதான். டிக்கெட் எடுத்த நாளின் வயதையோ, புறப்பட்ட நாளின் வயதையோ பார்ப்பதில்லை. ஒவ்வொரு விமானம் ஏறும் நாளிலும் வயது என்ன என்றுதான் பார்ப்பார்கள். காரணம் பாதுகாப்பு. இரண்டு வயதுக்குள் இருந்தால் தாயின் பெல்ட்டில் ஒரு சின்ன பெல்ட்டைக் கோத்து மடியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தனி சீட், தனி பெல்ட். கவுன்டரில் இருப்பவர் மனமிரங்கினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே 9,400 ரூபாயை முழுதாகத் திருப்பிக் கேட்டால் நிற்காது.

ஆனால் அதோடு முடியவில்லை. டிக்கெட் எடுக்கும்போது குழந்தையின் பிறந்த தேதியைக் கேட்டார்களா? நீங்கள் சரியான தேதியைக் கொடுத்திருந்து, அதை வாங்கிக்கொண்டே இரண்டு வழிக்கும் கைக்குழந்தை என்று விற்றிருந்தால், அதைச் சேவைக் குறைபாடு என்று வாதாட இடம் இருக்கிறது. அன்றே எச்சரித்திருந்தால் அன்றைய விலைக்குச் சீட் எடுத்திருப்பீர்கள். அன்றைய விலைக்கும் கவுன்டர் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால், தேதியை அவர் என்னவென்று போட்டார் என்பதை முதலில் பாருங்கள். திரும்பும் வழிக்குக் கட்டிய 1,750 ரூபாயையும் எழுத்தில் கேளுங்கள். முழு சீட்டுக்கும் காசு வாங்கியபின் மடியில் உட்காரவும் காசு வாங்க முடியாது.

சீட்டைத் தள்ளிப் போட்டது தவறு. பெற்றோரில் ஒருவராவது 12 வயது வரையுள்ள குழந்தையின் பக்கத்தில் இருக்கும்படி இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, 2024-ல் உத்தரவிட்டது. ஒரே பிஎன்ஆரில் பயணிப்பவர்களுக்கு என்று அதில் இருக்கிறது. கவுன்டரில் எடுத்த டிக்கெட்டுக்குத் தனி பிஎன்ஆர் விழுந்திருந்தால் நிறுவனம் அதைச் சாக்காகச் சொல்லும். இரண்டு வயதுக் குழந்தை தனியாக உட்காராது என்பது அந்த சீட்டை விற்றவருக்கும் தெரியும். இதைப் புகாரில் தவறாமல் சேருங்கள்.

இனி குழந்தை வண்டி. உங்கள் கட்சி வலுவாக இருப்பது இங்கேதான். நீங்கள் அனுப்பிய படத்தில் சக்கரத்தைத் தாங்கும் கம்பி உள்பக்கமாக மடங்கியிருக்கிறது, கைப்பிடியில் விமான நிறுவனத்தின் அடையாளச் சீட்டு தொங்குகிறது. அந்தச் சீட்டு மாட்டி வாங்கிக்கொண்ட நொடியிலிருந்து திருப்பிக் கொடுக்கும்வரை பொறுப்பு அவர்களுடையது. 1972-ம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டம் சுமத்திய பொறுப்பை ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக் கழற்றிவிட முடியாது, அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. வண்டி ஏற்கெனவே பழுதாக இருந்தது என்று காட்டினால்தான் தப்பிக்கலாம். போகும் வழியில் அதே வண்டியில் மகள் உட்கார்ந்திருக்கும் படம் உங்கள் போனில் இருக்கிறதே, அது போதும். உள்நாட்டுப் பயணத்தில் சாமான் சேதத்துக்கு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். உங்கள் வண்டியின் விலை அதற்குள் அடங்கும்.

கெடு என்று சொன்னேனே, அது ஏழு நாள். சேதமான சாமானைக் கையில் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். சாமான் வரும் இடத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. இந்த ஒரு விஷயத்தால் நல்ல வழக்குகள் வீணாவதைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

விமானத்தில் ஏற்ற மறுத்தால் 10,000, 20,000 நஷ்டஈடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அளவுக்கு மேல் டிக்கெட் விற்று இடமில்லாமல் போனால்தான் அது. உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். பதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டு அதிகாரி, மத்திய அரசின் ஏர்சேவா தளம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே நடத்தவும் முடியும்.

அடுத்த வருடம் மஸ்கட் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மகளுக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். அவள் 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவள் என்பதால், அதற்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். தடுப்பூசி அட்டை அங்கே உதவாது. சான்றிதழில் பெயர் ஏறாமல் இருந்தால் இப்போதே நகராட்சியில் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வண்டியை இப்போதைக்கு ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். கடையில் செலவு மதிப்பீடு மட்டும் எழுதி வாங்குங்கள். அடையாளச் சீட்டைக் கழற்றாமல், வளைந்த சக்கரத்தோடு அப்படியே பரணில் ஏற்றி வையுங்கள். ஆணையத்தில் அதைத்தான் கேட்பார்கள்.