ஓட்டு ஒரு சாட்சியம்

"ஓட்டுப் போடுவது உலக விவகாரம்; அதற்கும் தீனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர்களும், ஜகாத்தைப் பைசா சுத்தமாகக் கணக்கிட்டுக் கொடுப்பவர்களும்கூட, தேர்தல் வந்துவிட்டால் வீட்டு வாசலுக்கு வரும் கவரை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள். பெருநாள் காசு வாங்கியதைப் போல அதில் அவர்களுக்கு உறுத்தல் எதுவும் தோன்றுவதில்லை. ஆகவே இந்த மஸ்அலாவைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் முன்னோர்களின் ஃபிக்ஹு கிதாபுகளில் ஓட்டு என்றொரு பாடம் கிடையாது. அன்று இப்படியொரு முறை இல்லை. ஆனால் ஓட்டு எதைப் போன்றது என்று பார்த்து, அதற்குரிய சட்டத்தை உலமாக்கள் கூறியிருக்கிறார்கள். 'மஆரிஃபுல் குர்ஆன்' தஃப்ஸீரை எழுதிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் ஓட்டுக்கு மூன்று நிலைகள் உண்டு என்று விளக்கினார்கள். முதலாவது ஷஹாதத்: இந்த மனிதர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று சாட்சி சொல்வது. இரண்டாவது ஷஃபாஅத்: அவருக்காகப் பரிந்துரைப்பது. மூன்றாவது வகாலத்: நம் சார்பில் காரியம் பார்க்க அவரை வகீலாக்குவது. வகாலத்திலும் இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. என் நிலத்தை விற்க நான் ஒருவரை வகீலாக்கி அவர் மோசம் செய்தால் நஷ்டம் எனக்கு மட்டுமே. சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ நான் அனுப்பும் ஆள் மோசம் செய்தால் ஊர் முழுவதும் நஷ்டப்படும்.

இம்மூன்றில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது சாட்சியம்தான். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என்பது அல்பகரா சூராவின் 283-வது ஆயத்திலிருந்து விளங்குகிறது. பொய்ச்சாட்சியின் விஷயமோ அதைவிடக் கடுமையானது. நபி (ஸல்) அவர்கள் ஒரு சமயம் சாய்ந்து அமர்ந்தபடி பெரும்பாவங்களை எடுத்துக் கூறி வந்தார்கள். இணைவைப்பையும் பெற்றோரை நோவினை செய்வதையும் சொல்லிவிட்டு, பொய்ச்சாட்சியைக் கூற வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனி நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அதையே திரும்பத் திரும்பக் கூறினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. தகுதியற்றவர் என்று மனதறிய வைத்துக்கொண்டு ஒருவருக்குப் பொத்தானை அழுத்துபவர், இந்த ஹதீஸுக்கு முன்னால் தன்னை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் வேட்பாளர் எந்தச் சமயத்தவராகவும் இருப்பார். 1909 முதல் ஆங்கிலேயர் ஆட்சியில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறை இருந்தது. அதை நீடிக்க வேண்டுமென்று 1947-ல் அரசியல் நிர்ணய சபையில் பி. போக்கர் சாஹிப் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. அன்றிலிருந்து நம் ஓட்டு எல்லோரோடும் கலந்த ஓட்டு. அதனால் சாட்சியத்தின் இலக்கணம் மாறிவிடவில்லை. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்ற கருத்து அல்மாயிதா சூராவின் 8-வது ஆயத்தில் இருக்கிறது. நம்மவர் என்பதற்காகக் கெட்டவரை நல்லவர் என்பதும், பிறர் என்பதற்காக நல்லவரைக் கெட்டவர் என்பதும் அந்த ஆயத்தின்படி ஒரே குற்றந்தான்.

இனிப் பணத்தின் விஷயத்துக்கு வருவோம். சாட்சி சொல்லக் காசு வாங்கினால் அதற்கு இலஞ்சம் என்று பெயர். கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகத் திர்மிதீ, அபூதாவூத் இரண்டிலும் வந்திருக்கிறது. "நான் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள், அன்பளிப்புத்தானே" என்று சிலர் சொல்வார்கள். இதற்கும் ஹதீஸில் விடை உண்டு. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோரின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். நாமும் கேட்டுப் பார்ப்போம். கவர் கொண்டுவந்த அதே மனிதர், தேர்தல் இல்லாத வருடத்தில் மகளுக்கு மருந்து வாங்கக் காசில்லை என்று நாம் போய் நின்றால் தருவாரா? வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்புவார்.

ஸஹீஹுல் புகாரியில் இன்னொரு ஹதீஸ். மறுமையில் அல்லாஹ் பேசாத மூவரில் ஒருவன், உலக லாபத்துக்காக மட்டுமே தலைவருக்கு பைஅத் செய்தவன். கேட்டதைக் கொடுத்தால் அவன் விசுவாசமாக இருப்பான்; கொடுக்காவிட்டால் விலகிவிடுவான். பைஅத்தும் ஓட்டும் ஒன்றல்ல. ஆயினும் இந்த மனிதனின் முகம் நமக்குப் பழக்கமான முகமாகத்தான் இருக்கிறது.

பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் நிறைந்த வேலூரின் மக்களவைத் தேர்தல் 2019 ஏப்ரல் 18-ந் தேதி நடக்க வேண்டியிருந்தது. வாக்காளர்களுக்குக் கொடுப்பதற்கான பணம் பெருமளவில் பிடிபட்டதைக் காட்டி, இரண்டு நாட்களுக்கு முன்பு அது ரத்து செய்யப்பட்டது. ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வித்தியாசம் 8,141 ஓட்டுகள். "என் ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது" என்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அல்ஜீரியாவில் 1991 டிசம்பரில் மக்கள் முதல் சுற்றில் ஓட்டளித்தார்கள். 1992 ஜனவரியில் இராணுவம் குறுக்கிட்டு இரண்டாம் சுற்றே நடக்காமல் போயிற்று. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அங்கே இரத்தம் ஓடியது. அங்கே துப்பாக்கியைக் காட்டிப் பறித்ததை, இங்கே நாம் சில நூறு ரூபாய்க்கு நம் கையாலேயே கொடுத்துவிடுகிறோம்.

பெண்களின் ஓட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் அத்தா சொன்ன சின்னத்துக்கு ஐந்து ஓட்டும் விழும். ஐந்து கவரையும் அவரே வாங்கி வைத்துக்கொள்வார். சாட்சியம் என்பது சாட்சி சொல்பவருக்குரியது. பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்பது அந்நிஸா சூராவின் 135-வது ஆயத் தரும் கட்டளை. கணவருக்குக் கட்டுப்படுவது கடமை. பொய்ச்சாட்சி சொல்வதில் அந்தக் கடமை கிடையாது. உமர் (ரலி) அவர்களுக்குப் பின் கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனா மக்களிடம் கருத்துக் கேட்டபோது, திரைக்குப் பின்னிருந்த பெண்களிடமும் கேட்டார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகிறார்கள். நம் நாட்டிலோ 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறாமல் போயின. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று சொன்னார்களே தவிர, சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. பர்தா ஒரு தடை என்று இன்று சொல்ல முடியாது. முகத்திரை அணிந்தவர்களை அடையாளம் காண வாக்குச்சாவடியில் பெண் அலுவலரை வைக்கிறார்கள்.

நிற்பவர்களில் ஒருவரும் நல்லவராகத் தெரியவில்லையென்றால்? இரண்டு தீங்குகளில் சிறியதை ஏற்பது என்ற ஃபிக்ஹுச் சட்டப்படி, தீங்கு குறைந்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படியும் ஒருவர் தேறவில்லை என்றால் 2013 முதல் 'நோட்டா' இருக்கிறது. வீட்டில் படுத்துக்கொள்வதைவிட அது மேல்.

"பணத்தையும் வாங்கிக்கொள்வேன், ஓட்டை மனசாட்சிப்படி போடுவேன்" என்பது இப்போது பரவலாகிவிட்ட தந்திரம். ஓட்டு சரியாகப் போய்விட்டாலும் கையிலுள்ள பணம் ஹலால் ஆகாது. இலஞ்சப் பணம் வாங்கியவரின் உடைமையாவதில்லை. உரியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொண்டுவந்த ஆள் அதைத் தம் பையில் போட்டுக்கொண்டால் அது அவருடைய கணக்கு. கொடுத்தவர் யாரென்றே தெரியாவிட்டால், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பொறுப்பிலிருந்து நீங்க வேண்டும்.

சில ஊர்களில் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திருக்குர்ஆன் மீது சத்தியமும் வாங்குகிறார்கள். "சத்தியம் செய்துவிட்டோமே, மாற்றிப் போட்டால் பெரும்பாவம் ஆகிவிடுமே" என்று நம் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். பாவமான காரியத்துக்குச் செய்த சத்தியத்தை நிறைவேற்றக் கூடாது, முறிக்க வேண்டும். சத்தியம் செய்தபின் வேறொன்று அதைவிட நல்லதாகத் தெரிந்தால், நல்லதைச் செய்துவிட்டுக் கஃப்பாரா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். யாருக்குப் போட்டோம் என்று சத்தியம் வாங்கியவருக்குத் தெரியவும் வழியில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள கண்ணாடியில் ஏழு வினாடி தெரியும் சீட்டு பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். சத்தியம் வாங்கப்பட்ட வேட்பாளர் உண்மையிலேயே தகுதியானவராக இருந்தால் அவருக்கே போடலாம். பணத்தை மட்டும் திருப்பிவிட வேண்டும்.

கஃப்பாரா இதுதான்: பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது அல்லது உடை கொடுப்பது. உணவாகக் கொடுப்பதானால் ஷாஃபிஈ மத்ஹபில் ஆளுக்கு ஒரு முத்து அளவு ஊரில் வழக்கமான தானியம். ஹனஃபி மத்ஹபில் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட வைக்கலாம், அல்லது அரை ஸாஉ கோதுமையோ அதன் கிரயமோ கொடுக்கலாம். இதற்கு வசதியில்லாதவர் மூன்று நாள் நோன்பு வைக்க வேண்டும். ஹனஃபிகள் மூன்றையும் தொடர்ச்சியாக வைப்பது அவசியம். ஷாஃபிஈக்கள் விட்டுவிட்டு வைத்தாலும் கூடும்.