காரைக்கால் கரை கண்ட கப்பல்கள்

முன்னுரை

சுவீடன் நாட்டில் 1628-இல் முதற்பயணத்திலேயே மூழ்கிய 'வாசா' என்னும் போர்க்கப்பலை 1961-இல் வெளிக்கொணர்ந்து, இன்றும் பொருட்காட்சிச் சாலையில் வைத்துக் காத்து வருகின்றனர். அரசலாற்று முகத்துவாரத்தில் நின்று கடலை நோக்கும் நமக்கு அத்தகைய காட்சி கிட்டுவதில்லை. ஆயினும் வரலாற்றில் இடம்பெற்ற கப்பல்கள் சில நம் கரையோடு தொடர்புடையவை. அவற்றுள் சிலவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூழ்கிய கப்பல்

டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பெனி 1618-இல் 'ஓரெசுண்ட்' என்னும் கப்பலை முன்னதாக அனுப்பியது. அதில் வந்தவர் ரோலண்ட் கிராப்பே. போர்த்துக்கீசியரின் தாக்குதலுக்கு உள்ளாகி, அக்கப்பல் காரைக்காலுக்கு அப்பால் கடலில் அழிந்தது. சில மாலுமிகளுடன் உயிர் தப்பிக் கரையேறிய கிராப்பே, தஞ்சையில் இரகுநாத நாயக்கர் முன் நிறுத்தப்பட்டார். அச்சந்திப்பே உடன்படிக்கைக்கு வழிகோலியது. பின்னர் வந்த ஓவே கெட்டே 1620-இல் நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொள்ள, நமக்கு வடக்கே தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது. அக்கோட்டையைக் காண்போர் பலர். அதற்கு முன்கதையான கப்பலை அறிந்தோர் சிலரே.

கண்ணீர்க் கப்பல்

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1848-இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி அனுப்பும் துறைகளாயின. பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்ற 'ஒரேலி' என்னும் பாய்மரக் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவையும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் தீவையும் அடைந்தது. அவ்விரு தீவுகளுக்கும் இந்தியரை முதன்முதல் கொண்டு சேர்த்த கப்பல் அதுவே. பின்வந்த ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. அங்கே அவர்கள் வழிவந்தோர் 'ஒரேலி'யின் பெயரை இன்றும் நினைவுகூர்கின்றனர். ஏற்றி அனுப்பிய கரையில் வாழும் நம்முள் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருக்கிறோம்?

பயணக் கப்பல்

அடுத்த நூற்றாண்டில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் தெற்கே நாகப்பட்டினம் சென்று கப்பலேறினர். அவ்வழியில் ஓடியவற்றுள் புகழ்பெற்றது 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா'. கரையை ஒட்டி ஆழம் இல்லாமையால் கப்பல் தொலைவில் நங்கூரமிடும். பயணிகள் படகில் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு மாற வேண்டும். வழியனுப்ப வந்தோர் கரையிலேயே நின்றுவிடுவர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைத்த 'ரஜூலா' 1974-இல் உடைக்கப்பட்டது.

அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலுக்கு ஒரு வியப்பான வரலாறு உண்டு. 1966-இல் பிரான்சில் 'பாஸ்தேர்' என்னும் பெயருடன் பயணம் தொடங்கிய கப்பலே, இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய பின் 'சிதம்பரம்' ஆயிற்று. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் மாண்டனர். அத்துடன் அக்கப்பலின் பயணமும் முடிந்தது.

முடிவுரை

2009 முதல் வாஞ்சூரில் இயங்கும் துறைமுகத்தில் இன்று பெருங்கப்பல்கள் கரையையே அணைந்து நிற்கின்றன. அவை ஏற்றி இறக்குவது சரக்கு; பழைய கப்பல்கள் ஏற்றிச் சென்றவர்களோ நம் மக்கள். 'ஓரெசுண்ட்' பற்றியும் 'ஒரேலி' பற்றியும் ஏடுகள் சொல்லும். 'ரஜூலா'வைப் பற்றிச் சொல்ல அதில் பயணம் செய்தோரே நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் இளையோரும் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். மாணவ நண்பர்களே! இவ்விடுமுறையில் உங்கள் தெருவில் அப்படி ஒருவரைத் தேடிச் சென்று, அவர் கப்பலேறிய நாளின் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். மூழ்கிய கப்பலையும் மீண்டும் எடுக்கலாம். எழுதாமல் விட்ட நினைவை எடுக்க வழியில்லை.