அப்பரே! அடியேன்!

காலையில் விளக்கேற்றியதும், 'முருகா, நீதான் துணை' என்கிறோம். உலகத்துக்கே அதிபதியை 'நீ' என்கிறோமே என்று என்றைக்காவது கூச்சப்பட்டதுண்டா, தோழியரே? அதே வாய் எதிர்வீட்டு மாமாவை 'நீங்க' என்கிறது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளை மறுபடி 'நீ' என்கிறது. இந்த இரண்டு 'நீ'யும் ஒன்றுதானா?

தமிழில் கூப்பிடுவதற்கென்றே ஒரு வேற்றுமை உண்டு. எட்டாவதான விளி வேற்றுமை. தொல்காப்பியர் இதற்காக 'விளிமரபு' என்று தனி இயலே வைத்தார். அருகில் இருப்பவரைக் கூப்பிட்டால் பெயர் இயல்பாக நிற்கலாம். தூரத்தில் இருந்தால் ஓசை நீளும் என்கிறார். மலையடிவாரத்தில் நின்று 'முருகா...' என்று நீட்டுகிறோமே, அதுதான்! ஒருவரைப் பலர்போல மரியாதையாகச் சொல்வதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லாம், இலக்கணப்படி அமைந்ததல்லவாம்.

அப்படியானால் உயர்வு எங்கிருந்து வருகிறது? பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் சீர்காழிக் காட்சியைப் பாருங்கள். திருநாவுக்கரசர் வயதில் முதிர்ந்தவர். ஞானசம்பந்தரோ பாலகர். முதல் சந்திப்பிலேயே முதியவர் குழந்தையின் காலில் விழுகிறார். பதறிப்போன குழந்தை அவர் கைகளைப் பற்றி எடுத்து, 'அப்பரே' என்கிறது. தகப்பன் ஸ்தானம் கிடைத்துவிட்டது. 'என்ன குழந்தாய்?' என்று கேட்டிருக்கலாம். அவர் சொன்ன பதில், 'அடியேன்!' அந்த ஒரு அழைப்பே பெயராக நிலைத்து, இன்றும் நமக்கு அவர் அப்பர்.

சுந்தரர் கதை நேர்மாறு. திருமணப் பந்தலில் ஓலையோடு வந்து வழக்காடிய கிழவரைப் பித்தன் என்று ஏசினார். திருவெண்ணெய்நல்லூரில் வந்தவர் யாரென்று தெரிந்ததும், என்ன பாடுவதென்று திகைத்தார். 'பித்தன் என்றாயே, அப்படியே தொடங்கு' என்றார் ஈசன். வம்பு வழக்காடியவருக்கு 'வன்தொண்டர்' என்று பட்டமும் கொடுத்தார். ஏசினாலும் பதிலுக்குப் பேச இருவருக்கும் உரிமை இருந்தது. அதனால்தான் அவர் தம்பிரான் தோழர்.

நம் வீட்டு 'நீ'க்குப் பதிலாக ஒரு 'நீ' வந்தால் பொறுப்போமா?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு அறுபது வயது. ஒருநாள் என் ஏழு வயது மகள் அவரைப் பெயர் சொல்லி, 'இங்க வா' என்றாள். கண்டிக்க வாய் திறந்தேன். 'நீ அப்படித்தானேம்மா கூப்பிடறே?' என்றாள்.

மறுநாள் நான் 'அம்மா' என்றேன். அவள் 'பாட்டி' என்றாள். அதுவரை என்னை 'மேடம்' என்றே அழைத்தவர், தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, 'என்ன கண்ணு?' என்று திரும்பினார்.