முதல் மூன்று நாள்: தாய்ப்பால் பற்றித் தம்பதியர் அறிய வேண்டியவை



பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் முதல் நாள் போவதே தெரியாது. தொல்லை வருவது இரண்டாம் நாள் ராத்திரி. பிள்ளை மார்பில் வாய் வைக்கிறது, ஐந்து நிமிஷம் சப்புகிறது, தூங்கிவிடுகிறது. கீழே கிடத்தினால் உடனே வீறிட்டு அழுகிறது. மறுபடி பால், மறுபடி அழுகை. விடிய விடிய இதே கதைதான். துணைக்கு வந்திருக்கும் பாட்டியம்மா, "பாலே ஊறலையேடி, பச்ச மண்ணு பட்டினி கிடக்குதே" என்பார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் ஆமாம் போடுவார். பெற்றவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். வராந்தாவில் நிற்கும் கணவருக்குச் சேதி போகும்: "மாப்பிள்ளை, கடையில ஒரு பால் டின்னும் புட்டியும் வாங்கிட்டு வந்துருங்க."

இந்தத் துண்டுப் பிரசுரம் முக்கியமாக அந்த ஒரு ராத்திரிக்காகவே எழுதப்பட்டது. ஏழு, எட்டு மாதம் ஆகும்போதே கணவனும் மனைவியும் சேர்ந்து படித்து வையுங்கள். பாட்டியம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்வது பிள்ளை மேலுள்ள பாசத்தால்தான்.

பால் இல்லையா?

இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவு இருக்கும். பிள்ளையின் இரைப்பையும் அப்போது மிகச் சிறியது. ஆகவே அந்த ஒரு கரண்டி போதும். ஆனால் அடிக்கடி வேண்டும்.

நம் வீட்டுப் பசு கன்று போட்டால் என்ன செய்கிறோம்? கன்று தட்டுத் தடுமாறி எழுந்ததும் மடியில் விடுகிறோம். சீம்பால் குடிக்காத கன்று தேறாது என்பது மாடு வளர்த்த எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தை வெல்லம் போட்டுக் காய்ச்சி நாமும் சாப்பிடுகிறோம். ஆனால் பெற்ற பிள்ளைக்கு என்று வரும்போது மட்டும், "அது கெட்ட பால், பீய்ச்சிக் கொட்டு" என்கிறோம்! சீம்பாலில் நோயை எதிர்க்கும் சத்தும் வைட்டமின் 'ஏ' சத்தும் நிறைய உண்டு. பிள்ளையின் வயிற்றிலுள்ள கறுப்பு மலத்தை வெளியேற்றுவதும் அதுவே. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். சிசேரியன் ஆனாலும் தாய்க்கு நினைவு தெளிந்ததும் நர்சம்மா உதவியோடு கொடுக்கலாம். பிறகு பகலும் இரவுமாகச் சேர்த்து எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும். மணி பார்க்க வேண்டாம். பிள்ளை வாயைச் சப்புக்கொட்டும், தலையைத் திருப்பித் தேடும், கையை வாயில் வைக்கும். அதுதான் பசிக்கு அடையாளம். அழுவது கடைசியில்தான்.

அப்படியானால் இரண்டாம் நாள் ராத்திரி பிள்ளை ஏன் அத்தனை தடவை மார்பைத் தேடுகிறது? இறைக்க இறைக்கத்தானே கிணறு ஊறும்? பிள்ளை சப்புகிற ஒவ்வொரு தடவையும் தாயின் மூளைக்குச் சேதி போய்ப் பால் சுரக்கிறது. ராத்திரியில் சப்பினால் சுரப்பு இன்னும் அதிகம். பெரும்பாலும் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மார்பு கனத்துப் பால் நிறைந்துவிடும். முதல் பிரசவத்திலும் சிசேரியனிலும் ஒரு நாள் பிந்தலாம். பயப்பட வேண்டாம்.

அந்த ராத்திரி புட்டி கொடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வயிறு முட்டக் குடித்த பிள்ளை நாலு மணி நேரம் தூங்கும். "பாத்தியா, பசிதான்" என்பார்கள். அந்த நாலு மணி நேரமும் கிணறு இறைக்கப்படவில்லை. மறுநாள் பால் குறைவு. மறுபடி டின். புட்டியின் ரப்பர் காம்புக்குப் பழகிய பிள்ளை மார்பில் சரியாக வாய் வைக்காது. பத்து நாளில் "எனக்குப் பால் வத்திப்போச்சு" என்று தாய் சொல்வாள். பால் தானாக வற்றவில்லை, நாம்தான் வற்ற வைத்தோம். அதற்குமேல் செலவு வேறு. ஒரு டின் ஒரு வாரம்கூடத் தாங்காது. காசைப் பார்த்துப் பவுடரைக் குறைத்து நீர்க்கக் கரைத்தால் பிள்ளை இளைக்கும். புட்டி சரியாகக் கொதிக்காவிட்டால் வயிற்றுப்போக்கு. இந்தக் கேடுகளை எண்ணித்தான் 1992-ல் மத்திய அரசு, பிள்ளைப் பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டமே போட்டது. தாய்க்கோ பிள்ளைக்கோ உடல்நிலை காரணமாக டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு சங்கதி.

சேனை வைக்கிற வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் நல்ல மனிதர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அந்தப் பெரியவர் பிள்ளையைக் கையில் வாங்கி ஆசீர்வதிக்கட்டும். வாயில் எதுவும் வைக்க வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. கடுமையான நோய் தரும் கிருமி அதில் இருக்கக்கூடும். கழுதைப்பால், வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

வாய் வைக்கிற முறை

"காம்பு புண்ணாப் போச்சு, கொடுக்க முடியல" என்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளையைப் பிடிக்கும் விதத்தில்தான் தவறு இருக்கும். தாய் முதுகைச் சாய்த்து வசதியாக உட்காரட்டும். தையல் வலி இருந்தால் ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். பிள்ளையின் தலையும் உடம்பும் ஒரே நேராக, வயிறு தாயின் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். கழுத்து மட்டும் திரும்பியிருந்தால் விழுங்க முடியாது. சந்தேகமிருந்தால் நீங்களே தோள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பாருங்கள்!

காம்பால் பிள்ளையின் மேலுதட்டைத் தொட்டால் கொட்டாவி விடுவது போல வாயைத் திறக்கும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். தாய் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டு போனால் முதுகு வலிதான் மிச்சம். காம்பு மட்டும் உள்ளே போனால் போதாது; சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பைத் தொட்டிருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் உப்பியிருக்கும். விழுங்கும் சத்தம் கேட்கும். வலித்தால், சுண்டு விரலை வாய் ஓரத்தில் விட்டு மெதுவாக எடுத்து மறுபடி போடுங்கள். இழுக்காதீர்கள். ஒரு பக்கம் குடித்து முடித்த பிறகு மறுபக்கம். பிறகு தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்யுங்கள்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு சிலருக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல் போல வலிக்கும். கொடுப்பதை நிறுத்தக் கூடாது. வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்து, கையால் கொஞ்சம் பீய்ச்சி, மார்பு இளகியதும் பிள்ளையைப் போடுங்கள். சில ஊர்களில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். அது பாலை வற்றச் செய்வதற்கான கை வைத்தியம், பால் கொடுக்கிற தாய்க்கு ஆகாது. மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்போதும் பால் கொடுக்கலாம்.

பால் போதுமா என்று எப்படி அறிவது?

அழுகையை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். மூத்திரத் துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவைக்குக் குறையாமல் போனால் பால் போதும். கறுப்பு மலம் நான்கைந்து நாளில் மஞ்சளாக மாறும். முதல் வாரம் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. மூன்று கிலோப் பிள்ளை இருநூறு கிராம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஆனால் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சில்லிட்டோ காய்ச்சலாகவோ இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எடை குறைந்து பிறந்து சப்பத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி, கொதிக்க வைத்த பாலாடையால் புகட்டலாம். நர்சம்மாவிடம் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கு

"பால் கொடுக்கிறது பொம்பளைங்க சமாச்சாரம், இதுல நான் என்ன செய்ய?" என்று கேட்கலாம். நிறையச் செய்யலாம். பயமும் அழுகையும் களைப்பும் இருந்தால் பால் இறங்கத் தாமதமாகும். "பால் இருக்கு, வரும்" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அது நல்ல மருந்து. டின் வாங்கச் சொன்னால் முதலில் நர்சம்மாவைக் கூப்பிட்டுப் பிள்ளை பால் குடிப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஆண்பிள்ளை செய்யக்கூடிய வேலைகளே.

பத்தியம் என்று தாயை அரைவயிறு போடாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுவதோடு இன்னொரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வேண்டும். கீரை, பருப்பு, முட்டை, மீன், பூண்டுக் குழம்பு எல்லாம் நல்லது. தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது வீண் பயம். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை தவறாமல் சாப்பிட வேண்டும்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு குழைந்த சோறு, பருப்பு, பழம் சேர்த்து, இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். "பால் குடுக்கிற வரைக்கும் கர்ப்பம் நிக்காது" என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருந்து, மாதவிலக்கு வராமல் இருந்து, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறை தேவை. காப்பர்-டி பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம், அல்லது ஆறு வாரம் கழித்துப் போடலாம். நிரோத் எப்போதும் உபயோகிக்கலாம். மாலா-என் மாத்திரையை மட்டும் பால் கொடுக்கும் தாய் முதல் ஆறு மாதம் சாப்பிடக் கூடாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து போய் உங்கள் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.