பொங்குமாங்கடல்

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பது பழமொழி. நீர் ஓடினால் கல் எவ்வாறு தேயும் என்பதைக் குற்றாலத்தில் அறிந்தோம்.

வகுப்புச் சுற்றுலாவில் அங்குச் சென்ற நாங்கள் பேரருவியின் முன் ஏமாற்றத்துடன் நின்றோம். நல்ல வெயில், ஆயினும் குளிக்கத் தடை! “மழையே இல்லையே, சிஸ்டர்!” என்று முணுமுணுத்தோம். “தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்” என்றார் சிஸ்டர். அது செம்மண் நிறமாக இருந்தது. காரணத்தை ஊர் திரும்பிய பின் தேடிப் படித்தோம்.

தென்காசி மாவட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் சிற்றாறே இங்கு அருவியாக விழுகிறது. பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து நேரே விழும் நீரில் யாரால் நிற்க முடியும்? ஆனால் நீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்தே கீழே வருகிறது. அதனால்தான் மற்ற நாட்களில் குழந்தைகளும் குளிக்க முடிகிறது.

பாறையில் இத்தகைய பள்ளம் எப்படி உண்டாகிறது? நம் வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துப் பாருங்கள். குழியில் குழவி சுற்றுகிறது. ஆற்றிலோ கூழாங்கற்களும் மணலுமே குழவி. அவற்றைச் சுழற்றும் கை வெள்ளம். சுற்றச் சுற்றப் பாறை தேய்கிறது. கற்களும் தேய்ந்து மணலாகின்றன. அடுத்த வெள்ளம் புதிய கற்களைக் கொண்டு வருகிறது. இவ்வேலை பல்லாயிரம் ஆண்டுகள் நடைபெறுகிறது. அன்று நாங்கள் கண்ட செந்நிறமும், மலைமேல் பெய்த மழை அரித்து வந்த மண்ணே.

பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவிக்குக் காட்டுவழியே ஒரு நடைபாதை செல்கிறது. வனத்துறையின் அனுமதியின்றி அதில் செல்லக் கூடாது. அங்கும் அருவியின் அடியில் ஆழமான தடாகம் உண்டு. இத்தகைய பள்ளங்களில் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும் உள்ளே சுழல் இருக்கலாம். வழவழப்பான பாறையில் பிடித்து ஏறவும் பிடிமானம் கிடைக்காது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அவர் உயிர் பிழைக்கவில்லை. நம்மைவிட இரண்டே வயது மூத்தவர்!

தோழியரே, கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். நீர் கலங்கினாலோ, காவலர் வெளியேறச் சொன்னாலோ உடனே கரையேறுவோம். அன்று முணுமுணுத்ததற்காகச் சிஸ்டரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம்.

– பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், வகுப்புத் தோழி ஒருத்தி