தின் கிளையன்ட்: யாருக்கு எந்த அனுமதி?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் என் அத்தை மகன் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். ஒரு சர்வர், ஆறு தின் கிளையன்ட்கள். நான் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு மாலை ஆறு திரைகளிலும் இணைப்பு அறுந்து போனது. தேர்வு விண்ணப்பம் அனுப்ப ஒரு மாணவி வந்திருந்தார். அன்றுதான் கடைசி நாள்.

என்ன நடந்தது என்று பார்க்கும் முன் தின் கிளையன்ட் என்றால் என்ன என்று தெரிந்து கொள்வோம். இது ஒரு சிறிய பெட்டி. மானிட்டர், கீ போர்டு, மவுஸ் இணைக்கலாம். புரோகிராம்கள் ஓடுவதும் பைல்கள் இருப்பதும் சர்வரில்தான். பெரும்பாலானவற்றில் ஹார்ட் டிஸ்க்கும் மின்விசிறியும் இல்லை. எனவே புழுதியும் வெயிலும் நிறைந்த நம் ஊருக்கு ஏற்றது. சென்னையின் நோவேட்டியம் நிறுவனம் 2000-களில் நோவா நெட்பிசி என்ற பெயரில் வீடுகளுக்கே இதைக் கொண்டு வந்தது.

ஆனால் சர்வருடன் தொடர்பு போனால் எல்லாம் போச்சு! அதனால் நெட்வொர்க் அமைப்பு மிக முக்கியம்.

நான்கு எண்கள்

ஐ.பி. முகவரி என்பது வீட்டுக் கதவு எண் போன்றது. ஒரே நெட்வொர்க்கில் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. சப்நெட் மாஸ்க் தெருவின் எல்லையைச் சொல்கிறது. கேட்வே என்பது இன்டர்நெட்டுக்குச் செல்லும் வாசல். டி.என்.எஸ். இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும்.

சர்வருக்கு மாறாத எண் தாருங்கள். உதாரணமாக 192.168.1.10. டெர்மினல்களில் டி.எச்.சி.பி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரௌட்டரே எண்களை வழங்கும். ரௌட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் தொடக்க எண் 192.168.1.100, இறுதி எண் 192.168.1.150 என்று கொடுத்தால் சர்வரின் எண் வேறு யாருக்கும் போகாது.

இரண்டு பூட்டுகள்

முதல் பூட்டு டெர்மினலில். வைஸ் தின் கிளையன்ட்களில் தின்ஓ.எஸ். 8 பதிப்பு வரை மூன்று அனுமதி நிலைகள் உண்டு. 'ஹை' என்றால் எல்லாவற்றையும் மாற்றலாம். 'லோ' என்றால் நெட்வொர்க் அமைப்பு விண்டோ திறக்காது. 'நன்' என்றால் செட்டப் மெனுவே கிடைக்காது. பொதுமக்கள் பயன்படுத்தும் இடத்துக்கு 'நன்' சரியானது. எச்.பி. தின்புரோவில் யூசர், அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இரண்டு நிலைகள். அட்மினிஸ்ட்ரேட்டருக்குக் கட்டாயம் பாஸ்வேர்ட் வையுங்கள்.

இரண்டாவது பூட்டு சர்வரில். ஒவ்வொருவருக்கும் தனி யூசர் அக்கவுண்ட் தாருங்கள். விண்டோஸ் சர்வர் என்றால் அவர்களை 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' குழுவில் மட்டும் சேருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' குழுவில் சேர்த்தால் ஒருவர் மற்றவரின் பைல்களை அழிக்கவும் முடியும்.

இனி அந்த மாலைக்கு வருவோம். ஒவ்வொரு டெர்மினலின் கேபிளாகக் கழற்றிக்கொண்டே வந்தேன். நான்காவதைக் கழற்றியதும் மற்றவை உயிர் பெற்றன! தன் டெர்மினல் மெதுவாக இருக்கிறதே என்று ஒரு பையன் நெட்வொர்க் அமைப்பைத் திறந்திருக்கிறான். இணைப்பு விண்டோவில் பார்த்த சர்வரின் எண்ணையே தன் ஐ.பி. முகவரியாகக் கொடுத்துவிட்டான். மற்ற டெர்மினல்கள் எது சர்வர் என்று தெரியாமல் தடுமாறின. பையன் மேல் தவறில்லை. பூட்டாமல் விட்ட நாம்தான் காரணம். மாணவியின் விண்ணப்பம் இரவு பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

உங்கள் வீட்டில்

ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்று பிள்ளைகளுக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்குங்கள். அதன் வகை 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று இருக்கட்டும். அவர்கள் ஐ.பி. முகவரியை மாற்ற முயன்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் கேட்கும். நீங்களும் அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு அக்கவுண்டையே பயன்படுத்துவது நல்லது.

கடைசியாக ஒன்று. எந்த டெர்மினலுக்கு எந்த அமைப்பு என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சர்வருக்கு யு.பி.எஸ். இருந்தால் மட்டும் போதாது, ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் அதிலிருந்தே மின்சாரம் கொடுங்கள்.