குளிரை மறந்த உடம்பு



இம்முறை ஆடி அமாவாசைக் காலைப் பூசைக்கு வந்தோரில் பாதிப்பேர் சால்வைக்கு மேல் சால்வை போர்த்திருந்தார்கள். அன்று பிறிஸ்பேனில் 11 பாகை செல்சியஸ். "ரொறன்ரோவிலை ஸ்னோவுக்குள்ளை வெறுங்காலோடை காரிலையிருந்து கோயில் வாசலுக்கு ஓடினனாங்கள். இஞ்சை வந்து பத்து வருஷத்திலை இப்பிடிப் போச்சே" என்று ஒரு அம்மா சிரித்தார். கனடாவிலிருந்து இங்கு குடிவந்த எங்கள் எல்லோருக்கும் அதே கதைதான். உடம்பு கெட்டுவிட்டதா, அல்லது மறந்துவிட்டதா?

இதற்குத் தென்கொரியாவின் ஜேஜு தீவிலே ஒரு நல்ல விடை உண்டு. அங்கே 'ஹேன்யோ' எனப்படும் பெண்கள் காற்றுக் குழாய் எதுவுமின்றி, மூச்சடக்கிக் கடலடியில் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள். முன்பு மெல்லிய பருத்தி உடையோடு மாரியிலும் 10 பாகை நீரில் இறங்கினார்கள். 1960-களில் ஆராய்ந்தபோது, மாரியில் அவர்களுடைய உடல் ஓய்விலேயே வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சக்தியை எரித்துச் சூடுண்டாக்கியது தெரிந்தது. நடுக்கமும் மற்றவர்களைவிடப் பிந்தியே தொடங்கியது. 1970-களின் பிற்பகுதியில் ரப்பர் நீச்சலுடை வந்தது. அதே பெண்கள், அதே கடல். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்த விசேட சக்தி போய்விட்டது. 1980-களின் தொடக்கத்தில் சோதித்தபோது அவர்கள் கடலுக்குப் போகாத அயலவரைப் போலவே இருந்தார்கள். ஆக, குளிர் தாங்கும் பழக்கம் உடம்பிலே சேமித்து வைத்த சொத்தல்ல. நாளாந்தம் குளிர் பட்டால்தான் அது நிற்கும்.

குளிர் பட்டதும் முதலில் தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளே வைத்திருக்கும். போதாவிட்டால் தசைகள் நடுங்கும். இவற்றோடு பழுப்புக் கொழுப்பு என்ற ஒன்றும் உண்டு. அது நடுங்காமலே சூடு தரும். குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்த இது வளர்ந்தவர்களிடமும் வேலை செய்கிறது என்பது 2009-இல் உறுதியானது. நாளுக்கு 6 மணித்தியாலமாக 10 நாட்கள் 15, 16 பாகை அறையில் இருந்தவர்களுக்கு அது கூடியதும், நடுக்கம் குறைந்ததும் 2013-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டன. போனது திரும்பியும் வரும் என்பது நல்ல செய்தி.

உண்மையைச் சொன்னால், ரொறன்ரோவில் நம்மைக் காத்ததில் பெரும்பங்கு உடம்புக்கு அல்ல, ஜக்கெற்றுக்கும் வீட்டு ஹீற்றருக்கும்தான். அங்கே குளிர் வெளியில்; வீடு எப்போதும் சூடு. இங்கே பழைய பலகை வீடுகள் வெக்கைக்காகக் கட்டியவை. ஆடி மாதத்து விடியலில் உள்ளேயும் வெளியேயும் அதிக வித்தியாசமில்லை. 11 பாகை வீட்டுக்குள் வந்தால் எவருக்கும் நடுங்கும்.

எங்கள் கவலை வயது போனவர்களைப் பற்றியது. முதுமையில் தோல் குழாய்கள் சரியாகச் சுருங்குவதில்லை, நடுக்கம் குறைவு, குளிரை உணர்வதும் மந்தம். அப்பாச்சி "எனக்குக் குளிரேல்லை" என்றால் அதை நம்பி விட்டுவிட முடியாது. கையைத் தொட்டுப் பாருங்கள். வீட்டினுள் 18 பாகையாவது இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவுறுத்தியது. முதியவர் உள்ள வீட்டில் அதற்கு மேலும் வேண்டும். மின்கட்டணத்துக்குப் பயந்து ஹீற்றரை மூடி வைப்பது எங்கள் வீடுகளில் நடப்பதுதான்.

மார்கழி விடுமுறையில் கல்யாணத்துக்கு ரொறன்ரோ போகிறவர்களுக்கும் ஒரு சொல். திருவெம்பாவைக் காலத்தில் இங்கே வியர்க்கும். அங்கே சில நாட்களில் சுழியத்துக்குக் கீழே 20 பாகை. "நாங்கள் அங்கை இருந்தனாங்கள்தானே" என்ற தைரியத்தில் மெல்லிய உடையோடு இறங்கவேண்டாம். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் எப்படியிருக்கும் என்றே தெரியாது. விறைத்தாலும் விளையாட்டில் சொல்லமாட்டார்கள். விரல் நுனியோ காதோ வெளிறி மரத்தால் உள்ளே கொண்டுவந்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். தேய்க்கக் கூடாது, அடுப்பருகே காட்டவும் கூடாது. உணர்ச்சி திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று: வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க ஒருவருக்கு மட்டும் எந்நேரமும் குளிர்ந்தால், களைப்பும் சேர்ந்திருந்தால், காலநிலையைக் குறை சொல்லாமல் இரத்தப் பரிசோதனை செய்விப்பது நல்லது. இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்புக் குறைவும் இப்படித்தான் தொடங்கும். எங்கள் பெண்களிடம் இரண்டும் அரிதல்ல.